எழுத்தறிவித்த அம்மையார்

கண்ணுடையார் யாவரும் எழுத்தைக் காண்பர். ஆயின், காண்பது வேறு; படிப்பது வேறு. ஏட்டில் உள்ள கோடுகளும் வளைவுகளும் ஒலியாக மாற வேண்டும். ஒலிகள் சேர்ந்து சொல்லாக வேண்டும். சொல் பொருளைத் தர வேண்டும். அப்பொருள் உள்ளத்திற் பதிய வேண்டும். இவை அனைத்தும் ஒருங்கே நிகழும்போதுதான் ஒருவர் படிக்கின்றார் என்று நாம் கூறுகின்றோம். படிக்கப் பழகிய பின்னர் இதன் அருமையை நாம் மறந்துவிடுகின்றோம். நன்றாக நடக்கத் தெரிந்தவர், தளர்நடை பயின்று விழுந்தெழுந்த நாட்களை நினைப்பதில்லை அன்றோ? அதுபோலவே, முதன்முதல் எழுத்தறிவித்த ஆசிரியரையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

எழுத்தறிவித்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்டு, அதன் பொருட்டு உற்ற இழப்புகளைப் பொறுத்து, இறுதிவரை அப்பணியைக் கைவிடாத ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் செப்டிமா கிளார்க். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். கறுப்பின மக்களுள் ஒருவர். அவருடைய வரலாற்றை அறிந்தால், எழுத்தறிவு என்பது எத்துணை வலிமை உடையது என்பது விளங்கும்.

எழுத்தும் அடிமைத்தனமும்

தென் கரோலினாவில் நெல், அவுரி, பருத்தி ஆகியவற்றை விளைவிக்கும் பெருந்தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் பிடித்துக் கொணரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டனர். 1739 ஆம் ஆண்டில் அவ்வடிமைகளுள் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டிலேயே, அடிமைகளுக்கு எழுதக் கற்பித்தல் குற்றம் எனச் சட்டம் செய்யப்பட்டது. 1834 இல் படிக்கக் கற்பித்தலும் தடுக்கப்பட்டது. ஆண்டைகள் எழுத்தைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அடிமை ஒருவன் தோட்டத்தை விட்டு வெளியே செல்ல ஆண்டையின் அனுமதிச் சீட்டு வேண்டும். எழுதத் தெரிந்தவன் அச்சீட்டைத் தானே எழுதிக்கொண்டு தப்பிவிடுவான். படிக்கத் தெரிந்தவனோ, உலகில் வேறு விதமாகவும் மக்கள் வாழ்கின்றனர் என்பதை அறிந்துகொள்வான்.

1865 இல் அடிமை முறை ஒழிந்தது. இனத்தின் காரணமாக எவருக்கும் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்னும் விதி 1870 இல் அரசியலமைப்பில் இடம்பெற்றது. எனினும், அவ்வுரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1895 இல் தென் கரோலினா புதியதோர் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள விரும்புவோர், பதிவு அலுவலர் காட்டும் அரசியலமைப்புப் பகுதியைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து உடையவராக இருத்தல் வேண்டும் என்று அது கூறியது. பல தலைமுறைகளாகப் படிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களைப் பார்த்து, ‘உனக்குப் படிக்கத் தெரியாது, ஆதலின் உனக்கு வாக்கு இல்லை’ என்று கூறுவது எத்தகைய நீதி! இந்நிலையில்தான் செப்டிமா தோன்றினார்.

பிறப்பும் பெற்றோரும்

செப்டிமா 1898 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் நாள் சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். எண்மர் பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். தந்தையார் பீட்டர் பாய்ன்செட்டு என்பவர் அடிமையாகப் பிறந்தவர். ஆண்டையின் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருப்பதும், மீண்டும் வீட்டிற்கு அழைத்து வருவதும் சிறுவயதில் அவருக்கு இடப்பட்ட வேலைகள். பள்ளியின் வாயில்வரை நாள்தோறும் சென்றும், உள்ளே புக இயலாத சிறுவர் அவர். தம் பிள்ளைகள் உள்ளே சென்று அமர வேண்டும் என்று அவர் விரும்பியதில் வியப்பில்லை. தாயார் விக்டோரியா ஹைத்தி நாட்டில் வளர்ந்தவர், தாம் ஒருநாளும் அடிமையாக இருந்ததில்லை என்று பெருமையுடன் கூறுபவர், பிறர் துணிகளைச் சலவை செய்து குடும்பத்தைக் காத்தவர், கண்டிப்பு மிக்கவர்.

ஆறாம் அகவையில் செப்டிமா ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே ஏறத்தாழ நூறு குழந்தைகள் வரிசை வரிசையாக அமர்த்தப்பட்டிருந்தனர். கற்பிப்பார் போதாமையால் கல்வி நடைபெறவில்லை. இதனைக் கண்ட தாயார், மகளை அப்பள்ளியிலிருந்து விலக்கி, தம் தெருவில் சிறுமியர்க்குக் கற்பித்துவந்த மூதாட்டி ஒருவரிடம் விட்டார். அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஆதலின், அவ்வீட்டுக் குழந்தைகளைக் காலையிலும் மாலையிலும் செப்டிமா பார்த்துக்கொண்டார், அதுவே கட்டணமாயிற்று. இவ்வாறு உழைத்துப் பெற்ற எழுத்து அவருக்கு அருமையாக இருந்தது.

பின்னர் ஏவெரி என்னும் பள்ளியிற் பயின்று, 1916 இல் ஆசிரியப் பயிற்சியுடன் வெளிவந்தார். கல்லூரியிற் சேர அவர்க்கு விருப்பம் மிகுதி. ஆயின், வீட்டில் வசதி இல்லை. எனவே, பதினெட்டாம் அகவையில் ஆசிரியர் பணியை மேற்கொண்டார்.

தீவுப் பள்ளி

சார்ல்ஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகளில் அந்நாளில் கறுப்பின ஆசிரியர்க்கு இடமில்லை. ஆதலின், செப்டிமா ஜான்ஸ் தீவில் இருந்த சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்றார். நகருக்கும் தீவுக்கும் இடையே அக்காலத்தில் பாலம் இல்லை. ஓதம் நோக்கிப் படகிற் செல்ல வேண்டும். பள்ளியோ மரக்கட்டைகளால் ஆகிய எளிய கட்டடம். அங்கு மாணவர் 132 பேர், ஆசிரியர் இருவர். தலைமை ஆசிரியப் பொறுப்பையும் சேர்த்து ஏற்றிருந்த செப்டிமாவுக்கு ஊதியம் 35 டாலர். எதிரே வெள்ளையர் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே மாணவர் மூவர். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியருக்கு ஊதியம் 85 டாலர்! இவ்வேற்றுமை இளம் ஆசிரியரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

தீவு மக்கள் பேசிய மொழி ‘கல்லா’ எனப்படும். ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழி அது. வீட்டில் கல்லா பேசும் குழந்தைக்குப் பாடநூலின் ஆங்கிலம் அயல்மொழி போலவே தோன்றியது. மேலும், பயிர் விளையுங் காலத்தில் பெரிய பிள்ளைகள் வயல் வேலைக்குச் சென்றுவிடுவர். வேலை ஓய்ந்த பின்னரே பள்ளிக்கு வருவர். கரும்பலகையும் புத்தகமும் போதிய அளவில் இல்லை. வேறொருவராயின் இக்குறைகளை எண்ணிச் சோர்ந்திருப்பார். செப்டிமா சோர்ந்திலர்.

அவர் குழந்தைகளை நோக்கி, அவர்கள் பள்ளிக்கு வரும் வழியில் எதை எதைக் கண்டனர் என்று வினவினார். மரங்களைப் பற்றியும் செடிகளைப் பற்றியும் வானில் தோன்றுவன பற்றியும் அவர்கள் கதையாகக் கூறினர். சலவைக் கடைக் காகிதப் பைகளை அவர் விரித்து, அக்கதைகளை அவற்றில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டார். தாம் வாயாற் சொன்னது எழுத்தாகி எதிரே நிற்பதைக் குழந்தைகள் கண்டனர். சொல் முன்பே தெரிந்ததாதலின், எழுத்தை அறிதல் எளிதாயிற்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் கற்பித்தலின் அடிப்படை விதி. அதனை அவர் வறுமையாகிய ஆசானிடமே கற்றுக்கொண்டார் எனலாம்.

தீவிலிருந்த பெரியோருட் சிலரும் அவரை நாடி வந்தனர். தம் சங்கக் கூட்டங்களில் எழுந்து பேசவும், எழுதியதைப் படிக்கவும் அவர்கள் விரும்பினர். பகலெல்லாம் குழந்தைகளுக்குக் கற்பித்த செப்டிமா, மாலையில் அவர்களுடைய பெற்றோர்க்குக் கற்பித்தார். அதற்கெனத் தனி ஊதியம் ஏதும் இல்லை. அஞ்சல்வழி விற்கும் கடைகளின் விலைப்பட்டியலே அவர்க்குப் பாடநூலாயிற்று.

உரிமையும் கல்வியும்

1919 இல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பிய அவர், ஏவெரி பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியரானார். நகரப் பொதுப்பள்ளிகளில் கறுப்பின ஆசிரியரையும் அமர்த்த வேண்டும் என்னும் கிளர்ச்சி அப்போது எழுந்தது. செப்டிமா வீடு வீடாகச் சென்று விண்ணப்பத்திற்குக் கையொப்பம் திரட்டினார். 1920 இல் அக்கோரிக்கை நிறைவேறியது.

இல்வாழ்க்கையில் அவர் அடைந்த துன்பங்கள் பல. முதற் குழந்தை பிறந்த சில நாட்களில் மறைந்தது. கணவர் நீரி கிளார்க் 1925 இல் நோயுற்று இறந்தார். கைக்குழந்தையாக இருந்த மகனைப் போதிய பொருளின்மையால் கணவரின் பெற்றோரிடம் விட நேர்ந்தது. பிறர் பிள்ளைகளை வளர்க்கும் ஆசிரியர், தம் பிள்ளையைப் பிரிந்து வாழ்ந்தார்.

1929 இல் மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்குச் சென்று, அங்கே பல ஆண்டுகள் கற்பித்தார். கற்பித்துக்கொண்டே தாமும் கற்றார். கோடை விடுமுறை தோறும் வேறு ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று பயின்றார். 1942 இல் இளங்கலைப் பட்டமும் 1946 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். முதற் பட்டம் பெற்றபோது அவர்க்கு அகவை நாற்பத்து நான்கு என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரே பணிக்கு வெள்ளை ஆசிரியர்க்கு ஓர் ஊதியமும் கறுப்பின ஆசிரியர்க்கு அதனினும் குறைந்த ஊதியமும் வழங்கும் முறையை எதிர்த்து, 1945 இல் கொலம்பியாவில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்குரைத்தவர், பிற்காலத்தில் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் நீதிபதியான தர்கூடு மார்ஷல். அவ்வழக்கிற்குச் செப்டிமா துணைநின்றார். வழக்கு வென்றது, ஆசிரியர்களின் ஊதியம் உயர்ந்தது.

வேலை இழத்தல்

தாயார் நோயுற்றமையால் 1947 இல் செப்டிமா மீண்டும் சார்ல்ஸ்டனுக்கு வந்து ஆசிரியராகப் பணிபுரிந்தார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தில் அவர் நெடுநாளாக உறுப்பினராக இருந்தார். 1956 இல் தென் கரோலினா அரசு, அரசுப் பணியாளர் எவரும் அச்சங்கத்தில் உறுப்பினராக இருத்தலாகாது எனச் சட்டம் இயற்றியது. ஆசிரியர் பலர் தம் உறுப்பினர் நிலையை மறைத்தனர். செப்டிமா மறைக்கவில்லை. நாற்பது ஆண்டு கற்பித்த ஆசிரியர், ஐம்பத்தெட்டாம் அகவையில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஓய்வூதிய உரிமையும் பறிக்கப்பட்டது.

அச்சட்டத்தை எதிர்த்து ஒன்றுபடுமாறு அவர் கறுப்பின ஆசிரியர் 726 பேர்க்குக் கடிதம் விடுத்தார். மறுமொழி வந்தது 26 பேரிடமிருந்து மட்டுமே. பிறருடைய அச்சத்தை அவர் பழிக்கவில்லை. ஆயத்தம் செய்யாதவர்களைத் தாம் முன்னே தள்ளிவிட்டதாகவே கருதி, அத்தோல்விக்குத் தம்மையே பொறுப்பாக்கிக்கொண்டார். மாணவன் தவறியபோது, ‘யான் கற்பித்த முறையில் யாது குறை?’ என்று வினவிக்கொள்வது நல்லாசிரியர்க்கு இயல்பு. அவ்வியல்பு அவர்பால் வகுப்பறைக்கு வெளியேயும் விளங்கியது.

கடைக்குப் பின்னால் ஒரு பள்ளி

டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் என்பவர் 1932 இல் தொடங்கிய ஹைலாண்டர் மக்கள் பள்ளி, வேலை இழந்த செப்டிமாவை வரவேற்றது. வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே அமர்ந்து உண்டு கற்கும் இடம் அது. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1955 இன் கோடையில் அவர் அங்கு நடத்திய வகுப்பில் ரோசா பார்க்ஸ் என்னும் பெண்மணி கலந்துகொண்டார். அவ்வாண்டு டிசம்பரில், மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையர்க்கு இடம்விட்டு எழ மறுத்துப் புகழ்பெற்றவர் அவரே.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிவந்தார். வேலைக்காக நகருக்குச் செல்லும் தீவு மக்கள் அவருடைய பேருந்தில் ஏறுவர். தமக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதாக அவர்களுள் ஓர் அம்மையார் அவரிடம் கூறினார். அவ்வேண்டுகோளே ஒரு பெரும்பணிக்கு வித்தாயிற்று. ஹைலாண்டர் பள்ளி பணம் கடனாகக் கொடுத்தது. தீவில் ஒரு கட்டடம் வாங்கப்பட்டது. முன்புறம் மளிகைக் கடை; பின்புறம் வகுப்பறை. பள்ளி நடப்பதை எதிர்ப்போர் அறியாதிருக்கும் பொருட்டே முன்னே கடை வைக்கப்பட்டது. 1957 ஜனவரியில் 14 மாணவருடன் பள்ளி தொடங்கியது. இதற்குக் ‘குடிமைப் பள்ளி’ என்று பெயர்.

அங்கு முதலாசிரியராக அமர்ந்தவர் பெர்னிஸ் ராபின்சன். இவர் செப்டிமாவின் உறவினர். கூந்தல் ஒப்பனைக் கடை நடத்தியவர். முன்னர் ஆசிரியப் பணி ஆற்றாதவர். இவரைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. இவருடைய பிழைப்பு கறுப்பின மக்களையே சார்ந்திருந்தமையால் இவரை வேலையிலிருந்து நீக்க எவராலும் இயலாது. பிறர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்கும் இயல்பும் இவர்க்கு உண்டு. வந்திருப்பவர்கள் எழுத்தறியாதவர்களே ஒழிய அறிவில்லாதவர்கள் அல்லர் என்பதை இவர் நன்கறிந்திருந்தார்.

சிறுவர் பாடநூல்களை ராபின்சன் முதலிற் கொண்டுவந்தார். வளர்ந்தோர்க்கு அவை பொருந்தா என்பதை உடனே உணர்ந்து அவற்றை ஒதுக்கினார். ‘நீங்கள் யாது கற்க விரும்புகின்றீர்கள்?’ என்று மாணவரையே வினவினார். தம் பெயரை எழுத வேண்டும் என்றனர் சிலர். விவிலியம் படிக்க வேண்டும் என்றனர் சிலர். பணவிடைத் தாளை நிரப்பவும், தொலைவில் வாழும் மக்கள் எழுதிய கடிதத்தைப் படிக்கவும் வேண்டும் என்றனர் வேறு சிலர். அவையே பாடமாயின. ஒருவர் பெயரை அட்டையில் எழுதிக் கொடுப்பர். அவர் அதன் மேலேயே எழுதுகோலால் பன்முறை இழைத்து எழுதுவார். கலப்பை பிடித்துக் காய்த்த கை, சிறிது சிறிதாக எழுத்தின் வடிவை உணரும். அரசியலமைப்பில் உள்ள கடினச் சொற்கள் அதன் பின்னரே பயிற்றப்பட்டன.

65 அகவை நிரம்பிய மூதாட்டி ஒருவர் அவ்வகுப்பிற் பயின்றார். ஒருநாள் கரும்பலகையில் பலருடைய பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவர் எழுந்து சென்று, கோல் கொண்டு தம் பெயரைச் சுட்டிக் காட்டி, அது தம் பெயர் என்றார். அறுபத்தைந்து ஆண்டுகள் பிறர் வாயாற் கேட்ட பெயரைத் தம் கண்ணால் கண்டறிந்த நாள் அது. அதனைக் கண்ட ஆசிரியர் மெய்சிலிர்த்தார்.

ஒன்று பலவாதல்

ஒரு விளக்கினின்று பல விளக்குகளை ஏற்றுவது போல, ஜான்ஸ் தீவுப் பள்ளியைக் கண்டு அண்மைத் தீவுகளிலும் பள்ளிகள் எழுந்தன. இதனைப் பொறாதோர் இடையூறு செய்தனர். 1959 இல் ஹைலாண்டர் பள்ளி சோதனையிடப்பட்டது. செப்டிமா சிறைப்படுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டார். பின்னர் அப்பள்ளியின் உரிமமும் நீக்கப்பட்டது. ஆயினும், பணி நிற்கவில்லை. 1961 இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் இயங்கிய தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு அதனை ஏற்று நடத்தியது. செப்டிமா ஊர் ஊராகச் சென்று, கற்பிக்கத் தக்கவர்களைத் தேர்ந்து, ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த பயிற்சி நிலையத்திற்கு அனுப்பினார். உழவரும் தையற்காரரும் சமையற்காரரும் அங்கே பயின்று ஆசிரியராயினர். 1970 அளவில் ஏறத்தாழ 900 குடிமைப் பள்ளிகள் நடந்திருந்தன. இதற்கிடையே 1965 இல் இயற்றப்பட்ட வாக்குரிமைச் சட்டம், தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வைத் தடுத்தது.

1964 இல் கிங் நோபல் அமைதிப் பரிசு பெற ஆஸ்லோ நகருக்குச் சென்றபோது செப்டிமாவும் உடன்சென்றார். அவரிடம் அன்பும் மதிப்பும் கொண்டிருந்தும், குறை கண்டவிடத்து எடுத்துரைக்க இவர் தயங்கவில்லை. எல்லா ஊர்வலங்களையும் அவரே முன்னின்று நடத்தாமல், ஆங்காங்கே புதிய தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். பெண்களின் சொல்லுக்கு அவ்வியக்கத்தில் உரிய மதிப்பு இல்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். தம்மையே சார்ந்திராமல் மாணவர் தாமே நிற்கும்படி செய்வதே ஆசிரியர் தொழில் என்பது அவர் கொள்கை.

இறுதி நாட்கள்

1975 இல் சார்ல்ஸ்டன் வட்டாரப் பள்ளிக் குழுவுக்கு அவர் மக்களால் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்நகரப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாரோ, அந்நகரப் பள்ளிகளையே மேற்பார்க்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது! 1976 இல் மாநில ஆளுநர், அவரை நீக்கியது நேர்மையற்ற செயல் என ஒப்புக்கொண்டு, ஓய்வூதியத்திற்கு வழிசெய்தார். 1979 இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவரைச் சிறப்பித்தார். 1987 டிசம்பர் 15 ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் அகவையில், ஜான்ஸ் தீவில் அவர் இயற்கை எய்தினார். பதினெட்டு அகவையில் படகேறிச் சென்று எழுத்தறிவித்த அதே தீவு, அவருடைய இறுதி இருப்பிடமாயிற்று.

செப்டிமா பெரும்பொருள் ஈட்டவில்லை. உயர்ந்த பதவியை நாடவில்லை. தம் முன் அமர்ந்தவர் எவராயினும், அவருக்குத் தெரிந்தது யாது என்று முதலில் கேட்டறிந்து, அங்கிருந்து கைப்பிடித்து அழைத்துச் சென்றார். பள்ளி வாயிலில் நின்ற அடிமைச் சிறுவரின் மகள், பல்லாயிரவர்க்குப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டார். நூலைக் கையில் எடுத்தவுடன் தடையின்றிப் படிக்கும் பேறு பெற்ற மாணவர், அப்பேறு எளிதில் வந்ததன்று என்பதை உணர்தல் வேண்டும். வீட்டிலோ தெருவிலோ எழுத்தறியாதவர் ஒருவர் இருப்பின், அவருக்குத் தம் பெயரை எழுதக் கற்பித்தல், அவ்வம்மையாரைப் போற்றும் நல்வழிகளுள் ஒன்றாகும்.